விற்கிற வண்டிக்கு

சத்தம் முதலில் என் காலுக்குத்தான் கேட்டது.
ஜப்பானில் பிறந்த வண்டி, ஸ்டீயரிங் வலப்பக்கம்.
உலான்பாத்தரில் நாங்கள் ஓட்டுவதும் வலப்பக்கம்.
ஆக, ஓரத்துக் குழி ஒவ்வொன்றும்
என் உள்ளங்காலுக்கு நேர் கீழே.

நலைக் சாலையில்
நிலக்கரி லாரிகள் பிய்த்துப்போட்ட இடத்தில்
டக்.
பின்சீட்டுக்காரி போனிலிருந்து தலை தூக்கவில்லை.
டக் டக்.
தூக்கினாள்.

சக்கரத்தை இரு கையால் பிடித்து ஆட்டிவிட்டு
"லோயர் ஆர்ம். பால் ஜாயிண்ட் போச்சு" என்றான் மெக்கானிக்.
அசல் என்ன விலை என்றேன்.
அசல் என்ற சொல்லை அவன்
ஊரைவிட்டுப் போன பணக்கார உறவினரைப்போல
உச்சரித்தான்.

சந்தையில் நியாம்சுரேனின் கடை
ஒரு துருப்பிடித்த கண்டெய்னர்.
மூன்று பெட்டிகளைத் தூக்கிப் போட்டாள்.
மூன்று பெயர். மூன்று நிறம். ஒரே எழுத்துப் பிழை.
ஒன்றில் மட்டும் வானவில் முத்திரை
சாய்த்தால் மின்னியது.
"இவ்வளவு மின்னினால் எனக்கே பயம்" என்றாள்.

ஆட்டுக்கறி நிறுக்கும் தராசு இருந்தது.
பழைய ஆர்மைவிடப் புதியது
இருநூற்று எழுபது கிராம் குறைச்சல்.
அந்த இருநூற்று எழுபது கிராம் இரும்பு
இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

இன்னொன்றின் வெல்டிங்கை நகத்தால் தடவிப் பார்த்தேன்.
நாணயங்களைச் சரித்து அடுக்கியதுபோல் சீராக வந்து
கடைசி ஓரங்குலத்தில் திடீரென்று அவசரம்.
அங்கே சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

மூன்றாவதற்குக் குறை சொல்லத் தெரியவில்லை.
குறை தெரியாததுதான் உறுத்தியது.

"உத்தரவாதம்?"
"அந்தக் கதவு வரைக்கும்."
பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
முன்பணம் வைத்துவிட்டு மூன்றையும் கொண்டு போ.
ராத்திரி வெளியே போட்டு வை.
விடிந்ததும் ரப்பரை அமுக்கிப் பார்.
இங்கே எல்லாம் நல்ல பொருள்தான்,
பனி விழும் வரை.

பால்கனியில் வரிசையாகக் கிடத்தினேன்,
வயிறு சரியில்லாத மூன்று குட்டிகளைப்போல.
அன்றிரவு மைனஸ் முப்பத்தாறு.

காலையில் கட்டைவிரல்.
மின்னியதன் ரப்பர் மரக்கட்டையாய் இருந்தது.
இன்னும் அழுத்தினேன்.
மயிரிழையில் ஒரு வெடிப்பு,
உள்ளே கடுகளவு கிரீஸ்.
எடை குறைந்தது முனகிக்கொண்டே வளைந்து கொடுத்தது.
மூன்றாவதும்தான்.

ரப்பர் வளைந்தால் இரும்பு நல்லது என்று
யார் சொன்னார்கள்?
யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் எதையாவது வாங்கித்தானே ஆக வேண்டும்.
மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கும்போது
வெடிப்பைக் காட்டினேன்.
நியாம்சுரேன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்,
தலையாட்டினாள்,
பழைய விலையை அடித்து
புது விலை எழுதி
அதே தட்டில் அதை வைத்தாள்.

"இது உடைந்தது அல்லவா?"

"இது விற்கிற வண்டிக்கு.
காட்டுகிற அன்றைக்குச் சத்தம் வராது. அது போதும்."

கையுறையை மாட்டிக்கொண்டேன்.
என் வண்டியும்
யாரோ ஒருவர் எனக்கு விற்ற வண்டிதான்.

இப்போது சத்தம் இல்லை.
சத்தம் இல்லாததைக் காது கொடுத்துக் கேட்டபடி
ஓட்டுகிறேன்.
குழி வந்தால்
பல்லைக் கடிக்கிறேன், கால் கட்டைவிரலை மடக்குகிறேன்,
ஒன்றுமில்லை,
அடுத்த குழி.

இன்று எனக்கு முன்னால் ஒரு வெள்ளை ப்ரியஸ்.
பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி
கீழே ஒரு போன் நம்பர்.
பளபளவென்று கழுவியிருந்தார்கள்.
அழகாகத்தான் போகிறது, அலுங்காமல்.

இரண்டு வண்டி நீளம்
தள்ளியே வருகிறேன்.